மீதிக்குப் பெயர் கேட்டவர்

என்னுடைய நாற்பத்தோராவது வயதில், முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் என்னைக் கன்னத்தில் அறைந்தார். கண்ணாடி கழன்று பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. காதுக்குள் ஒரு வாரம் இரைச்சல் நிற்கவில்லை. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தை ஒருமுறை வாங்கியவன் இன்னொருமுறை கேட்டு வாங்க மாட்டான். பிள்ளைகளுக்கு அவர் மேத்ஸ் மிஸ். எங்களுக்கும் அதுதான் பெயர்.

சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய ஒரு சந்துக்குள் இருந்தது பள்ளிக்கூடம். தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும். நான் தமிழ் வாத்தியார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்தில், கடைக்கு லாயக்கில்லை என்று படிக்க அனுப்பப்பட்டவன். அவர் மயிலாப்பூர்க் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அந்த வீட்டில் எறும்பு கூட டீச்சர் ட்ரெயினிங் முடித்திருக்கும் என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்வோம், அவர் இல்லாதபோது. ஆள் குள்ளம். கைகள் மட்டும் பெரிய ஆம்பிளைக்கு உரியவை. கதவைத் தள்ளித் திறந்து நான் பார்த்ததில்லை, உதைத்துத்தான் திறப்பார்.

அவருடைய கணக்கு ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை எல்லா வகுப்பிலும் அதையே போடுவார். கரையில் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். படகில் ஆறு பேர் ஏறலாம். வெள்ளம் ஏறுவதற்குள் படகு மூன்று நடைதான் வரும். மீதி எத்தனை?

"ஒண்ணு மிஸ்" என்று பிள்ளைகள் கத்துவார்கள்.

"ஒண்ணுன்னா இன்னா? ஒண்ணுன்னு யாராவது பேரு வெச்சிக்கினு பொறப்பானா? பேர எழுது."

மீதியாக நிற்கிறவரின் பெயரை எழுத வேண்டும். அதற்குக் கீழே, ஏன் அவர் என்று காரணம் எழுத வேண்டும். நோட்டைத் திருத்தும்போது சிவப்பு மையில் மூன்றாவதாக ஒரு வரி சேர்ப்பார்: இவரை எப்படிக் கொண்டுவருவாய்? அதற்குப் பதில் எழுதிய பிறகுதான் மதிப்பெண். ஒரு பையன் கெட்டிக்காரத்தனமாக, நான் இறங்கிக்கொள்கிறேன் அவன் ஏறட்டும் என்று எழுதினான். அப்போது நீ மீதி, உன்னை எப்படிக் கொண்டுவருவாய் என்று எழுதித் திருப்பித் தந்தார். அந்த நோட்டு டிசம்பர் வரை போய்வந்து கொண்டிருந்தது.

கணக்கோடு விட்டிருந்தால் எங்களுக்குத் தொல்லையில்லை. எல்லோருடைய பாடத்திலும் கை வைத்தார். சயின்ஸ் டீச்சரிடம் குளோரின் மாத்திரையைக் கொடுத்து, ஒரு குடத்துக்கு எத்தனை, குடமே இல்லாத வீட்டுக்கு எத்தனை என்று கேட்கச் சொன்னார். வரலாற்று வாத்தியாரிடம், இந்த ஊரில் மேட்டு நிலம் யாருக்குப் போனது, பள்ளம் யாருக்கு வந்தது, அதை முதலில் நடத்துங்கள் என்றார். வாத்தியார் மறுத்தார். அவருடைய பாடக்குறிப்பு நோட்டு ஜன்னல் வழியாகச் சந்தில் போய் விழுந்தது. என் தமிழ் வகுப்பில் கடிதப் பயிற்சி என்றால் வருடா வருடம் தெருவிளக்கு கேட்டு ஒரு விண்ணப்பம்தான். அதை எடுத்துவிட்டு, படகில் இடமில்லை என்று சொன்னவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்ல வேண்டும் என்றார். பாடத்திட்டத்தில் இல்லையே மிஸ் என்றேன். மேஜை மேல் ஓங்கிக் குத்தினார். டீ என் சட்டையில் தெறித்தது. அந்த வாரமே கடிதத்தை மாற்றினேன். கொள்கையால் அல்ல, பயத்தால்தான்.

ஜியாகிரபி பீரியடில் கோலி உருட்டவிட்டார். பிள்ளைகள் சந்து சந்தாகப் போய் கோலியைத் தரையில் வைத்து, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வரைபடத்தில் அம்பு போட வேண்டும். முப்பது அம்பு போட்டபிறகு பார்த்தால் எல்லாக் கோலியும் ஒரே இடத்துக்குத்தான் போயின. ஆற்றங்கரையில், குடிசைகளின் கடைசி வரிசைக்கு. எங்கள் ஏழாம் வகுப்பு மோனிஷாவின் வீடு அங்கேதான் இருந்தது. அவள் அப்பா சாக்கடை அடைப்பு எடுக்கிறவர்.

அவர் அடிப்பார் என்பது ஊருக்கே தெரியும். ஒரு மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்திலேயே சமைத்து ஆற்றங்கரை ஜனங்களுக்குச் சாப்பாடு போட்டோம். மேல்தெரு ஆட்கள் தூக்குவாளியோடு வந்து முன்னால் நின்றுகொண்டார்கள். தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றார்கள். மிஸ் அண்டாவைத் தூக்கச் சொல்லி வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோய் வைத்து, அங்கிருந்து பரிமாற ஆரம்பித்தார். முன்னால் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவன் அண்டாவை எட்டி உதைத்தான். சாம்பார்க் கரண்டியால் அவன் தாடையில் அடித்தார். பல்லோடு ரத்தம் வந்தது. செருப்புகள் பறந்தன. எங்கிருந்தோ வந்த கல் அவர் நெற்றியைப் பிளந்தது. முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் சோறு போட்டுக்கொண்டே இருந்தார். நான் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ள ஒத்திகை என்று ஒன்று நடத்துவார். மற்றப் பள்ளிகளில் பிள்ளைகள் வரிசையாகக் கை கட்டிப் படியேறினால் ஒத்திகை முடிந்தது. இவர் ஜன்னலையெல்லாம் அடைத்து, மாடியிலிருந்து பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரைக் கொட்டி, பத்தாம் வகுப்புப் பையன்களைப் படியில் நிற்கவைத்து வருகிறவர்களைத் தள்ளச் சொல்வார். "தள்ளுடா. நெஜத்துல தள்ளமாட்டானுங்களா? பூ போடுவானுங்களா?" ஒரு சிறுமிக்கு முன்பல் உடைந்தது. அவளுடைய அம்மா வந்து கத்தினாள். "பல்லோட போச்சேன்னு சந்தோஷப்படும்மா" என்றார் மிஸ். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, இந்த மனுஷிக்கு என்ன கோளாறு என்று எனக்கே வெறுப்பாக இருந்தது. இன்றைக்கும் அந்தப் பல்லை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று நாங்கள் நம்பினோம். கடல் வந்தபோது தம்பியைப் பறிகொடுத்தவர் என்று ஒரு கதை. படகில் இடமில்லாமல் அம்மாவை விட்டுவிட்டு வந்தவர் என்று இன்னொரு கதை. ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன்.

"எங்க வூட்ல எவனும் சாகல சார். எல்லாரும் நல்லா கீறாங்க. எனக்குக் கணக்குல மீந்தா ஆவாது. அவ்ளோதான்" என்றார்.

மோனிஷாவின் வகுப்புக்கு அந்தக் கணக்கைப் போட்ட நாள் நினைவிருக்கிறது. நான்தான் அந்த ஏழு 'பி'க்கு வகுப்பாசிரியர். மதியம் ஸ்டாஃப் ரூமில் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எட்டிப் பார்த்தேன். மீதி, மோனிஷா. அடுத்த நோட்டிலும் மோனிஷா. பாதிக்கு மேல் மோனிஷாதான். காரணங்களும் இருந்தன. அவ கிட்ட நாத்தம் வரும். படகு அழுக்காயிடும். அவ அப்பா காவாயில எறங்குவாரு, அவளுக்கும் பழக்கம். கடைசியில் மோனிஷாவின் நோட்டு வந்தது. அவளும் மோனிஷா என்றுதான் எழுதியிருந்தாள். காரணம்: நான்தானே மிஸ்.

மர ஸ்கேல் மேஜை விளிம்பில் பட்டு இரண்டாக உடைந்தது. பாதி ஸ்கேலோடு வகுப்புக்குப் போனார். என்ன செய்துவிடுவாரோ என்று நானும் பின்னால் ஓடினேன். முதல் ரேங்க் வாங்குகிற தினேஷைச் சட்டைக்காலரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளி, கதவைச் சாத்தித் தாழ் போட்டார். என்னையும் சேர்த்துத்தான் வெளியே விட்டார். உள்ளே அவர் குரல் கேட்டது. "இப்ப அவன் மீதி. எப்டிக் கூட்டியாருவீங்க?" தினேஷ் கதவைத் தட்டினான், குத்தினான், அழுதான். உள்ளே ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். கடைசியில் தாழ்ப்பாள் விலகியது. திறந்தவள் மோனிஷா. திறந்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். மிஸ் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் இதை எப்படியாவது தள்ளிப்போடப் பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான்கு நாள் மழை நின்று, வெயில் அடித்து, பள்ளி திறந்த நாள் அது. மோனிஷா லேட்டாக வந்தாள். தண்ணி லாரிக்கு நின்றேன் என்றாள். லேட்டாக வருகிறவர்களுக்கு ஆப்சென்ட் போடுவது என் வழக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவள் பெயருக்கு நேரே சிவப்பில் ஆப்சென்ட் போட்டேன். கீழே பி.டி. ரூமில் உட்கார்ந்து மனப்பாடப் பாட்டைப் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினேன். பி.டி. ரூம் என்றால் படிக்கட்டுக்கு அடியில், பந்தும் பாயும் போட்டு வைக்கிற அறை. மழையில் ஊறி அதன் கதவு சிக்கிக்கொள்ளும். இது எனக்குத் தெரியும்.

பதினொரு மணி வாக்கில் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று போன் வந்தது. போனை வைப்பதற்குள் ஆற்றுப்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர் அப்படியே உள்ளே சாய்ந்தது. செங்கலும் தண்ணீரும் சேர்ந்து வந்தன. வாட்ச்மேனின் சைக்கிள் வளைந்து தூணில் மாட்டிக்கொண்டது. சத்துணவுக்கூடத்து அண்டா உருண்டு வந்து படியில் மோதிய சத்தம் இன்றும் தூக்கத்தில் கேட்கிறது. ஒத்திகை வீண் போகவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்து எல்லா வகுப்பும் இரண்டாம் மாடிக்கு ஏறிவிட்டன. நான் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். மேலே போய் எண்ணினேன். முப்பத்தெட்டு. ரெஜிஸ்டரிலும் அன்றைய வருகை முப்பத்தெட்டு. அப்பாடா என்றிருந்தது.

மிஸ் வகுப்பு வகுப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எல்லாம் டேலி ஆயிடுச்சு மிஸ்" என்று ரெஜிஸ்டரைக் காட்டினேன்.

அவர் ரெஜிஸ்டரைப் பார்க்கவில்லை. முகம் முகமாகப் பார்த்தார். "மோனிஷா எங்க?"

"ஆப்சென்ட் மிஸ்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் பொய் சொல்லவில்லை. காலையில் நான் போட்ட சிவப்பு எழுத்து என் மண்டைக்குள் உண்மையாகிவிட்டிருந்தது. முப்பத்தெட்டுப் பேருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. தினேஷ்தான் கடைசியில் எழுந்து நின்றான்.

"பி.டி. ரூம்ல கீறா மிஸ். சார்தான் அனுப்சாரு."

அப்போதுதான் என் கன்னத்தில் அந்த அறை விழுந்தது. நான் கண்ணாடியைத் தேடிக் குனிந்து நிமிர்வதற்குள் அவர் படியில் பாதி தூரம் போய்விட்டார். போகிற போக்கில், தண்டவாள மணியை அடிக்கிற இரும்புத் தடியைக் கையில் எடுத்திருந்தார். நானும் இறங்கினேன். கடைசி வளைவில் தண்ணீர் என் முட்டிக்கு வந்தது. அதற்கு மேல் கால் நகரவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்கும் தெரியாது.

கீழே தண்ணீர் அவர் மார்புக்கு மேல் இருந்தது. பெஞ்சுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு சுற்றின. பி.டி. ரூம் கதவுக்கு மேலே உள்ள சிறிய கம்பி இடைவெளியில் மோனிஷாவின் ஒரு கை தெரிந்தது. அவள் கத்தவில்லை. கூப்பிட்டால் வருவார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. மிஸ் கதவை அடித்தார். நான் கேட்டிராத கெட்ட வார்த்தையையெல்லாம் சொல்லி அடித்தார். ஒரு பெஞ்ச் வந்து விலாவில் இடித்து அவரைச் சுவரோடு நசுக்கியது. அதைத் தள்ளிவிட்டு மறுபடி அடித்தார். உள்ளங்கைத் தோல் கிழிந்து தடி வழுக்கியபோது சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டார். மேல் பலகை பிளந்தது. கையை உள்ளே விட்டு அகப்பட்டதைப் பிடித்து இழுத்தார். அகப்பட்டது முடி. பயத்தில் மோனிஷா அவருடைய மணிக்கட்டைக் கடித்தாள். இவர் விடவில்லை. முடியைப் பிடித்தே அவளைப் பிளவு வழியாக வெளியே இழுத்து, படிவரைக்கும் தரதரவென்று கொண்டுவந்து என் காலடியில் போட்டார். ஒரு கொத்து முடி தோலோடு அவர் கையில் இருந்தது. பிறகு படியில் குப்புறப் படுத்து ஆற்றுத் தண்ணீராக வாந்தி எடுத்தார்.

எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ அதைப் போனில் பிடித்திருந்தார்கள். கதவு அதில் தெரியவில்லை. ஒரு டீச்சர் பிள்ளையை முடியைப் பிடித்து இழுப்பது மட்டும் தெரிந்தது. சேறு காய்வதற்குள் அது ஆதம்பாக்கம், அடையாறு எல்லாம் சுற்றிவிட்டது. பல் உடைந்த சிறுமியின் அம்மா வந்தாள். சாம்பார்க் கரண்டியால் அடி வாங்கியவனும் வந்தான். எல்லோருமே உண்மையைத்தான் சொன்னார்கள். உடன் வேலை பார்க்கிற ஆசிரியர் மேலேயே கைநீட்டினாராமே, எழுதிக் கொடுங்கள் என்று நிர்வாகத்தில் என்னிடம் கேட்டார்கள். பதற்றத்தில் அடித்துவிட்டார் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். ஏன் அடித்தார் என்று எழுதவில்லை. ரெஜிஸ்டர் நனைந்து மை கரைந்து போயிருந்தது. அது எனக்கு வசதியாக இருந்தது. அவரிடம் விசாரித்தபோது, "அடிச்சேன். இழுத்தேன். வேற இன்னா வேணும்?" என்று மட்டும் சொன்னாராம். என் பெயரையே எடுக்கவில்லை.

ஒன்பது நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் எல்லாவற்றையும் எழுதினேன். லேட், சிவப்பு மை, பி.டி. ரூம், நான் படியில் நின்றது. தலைமையாசிரியை படித்துவிட்டு மடித்து வைத்தார். "நேத்தே டிஸ்மிஸ் ஆர்டர் போயிடுச்சே சார். இத நீங்க அன்னிக்கே குடுத்திருக்கலாமே" என்றார். நான் எழுதிக் கொடுத்தது சாயங்காலத்துக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரிந்தது. பியூன் வழியாகப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது.

மறுநாள் மிஸ் தன் பொருட்களை எடுக்க வந்தார். வலது கையில் பெரிய கட்டு. விலா வலிக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்.

"மிஸ், நான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன்."

"எப்ப?"

"நேத்து."

"ஆர்டர் முந்தாநேத்து வந்துச்சு சார்."

அவர் உடைந்த ஸ்கேலின் பாதியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அறைஞ்சதுக்கு சாரி கேக்கமாட்டேன்."

"வேணாம் மிஸ்."

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"நல்லது" என்றார். போகும்போது கதவை உதைக்கவில்லை. கையால்தான் தள்ளினார், அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. திருவான்மியூரில் டியூஷன் எடுக்கிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

புது மேத்ஸ் டீச்சர் வரும்வரை அந்தப் பீரியடுகளை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். ஏழு 'பி' எனக்கு. கணக்கு எனக்கு எங்கே தெரியும்? தெரிந்த ஒரே கணக்கைப் போர்டில் எழுதினேன். கரையில் பத்தொன்பது பேர், படகில் ஆறு பேர், மூன்று நடை. பெயர் எழுதுங்கள், காரணம் எழுதுங்கள் என்றேன். சத்தமே இல்லாமல் எழுதினார்கள். நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருத்தினேன். யாரும் மோனிஷா என்று எழுதவில்லை. தினேஷ் தன் பெயரை எழுதியிருந்தான். மோனிஷாவின் நோட்டு அடியில் இருந்தது.

மீதி: தமிழ் சார்.
காரணம்: சார் லேட்டாக வந்தார்.

நெடுநேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன். பிறகு அதற்குக் கீழே, மிஸ் எழுதுகிற அதே வரியைச் சிவப்பு மையில் எழுதினேன். இவரை எப்படிக் கொண்டுவருவாய்?

இரண்டு நாள் கழித்து நோட்டுகள் திரும்பி வந்தன. அவளுடைய பக்கத்தில் என் வரிக்குக் கீழே ஒன்றுமில்லை. கூப்பிட்டேன். வந்து நின்றாள். முடி பிய்ந்த இடத்தில் இன்னும் பொருக்கு உதிரவில்லை.

"பதில் எழுதலயாம்மா?"

அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யோசிச்சிக்கினு கீறேன் சார்" என்றாள்.